ஆச்சியின் அஞ்சறைப்பெட்டி எந்தக் காட்டு மரம்?

இந்த எபிசோடை என்னோட ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரல்ல, தென்காசி வீட்டுப் பின்கட்டுல ஒரு பட்டறை போட்டேன். பட்டறைன்னு சொல்றது கொஞ்சம் ஜாஸ்தி. பழைய மாட்டுக் கொட்டில்ல ஒரு மேசை, ஒரு டிரில், நாலு உளி, ஒரு இழைப்புளி, ரெண்டு ரம்பம். அவ்வளவுதான். திருகாணி எல்லாம் பிஸ்கட் டப்பாவிலயும் ஹார்லிக்ஸ் பாட்டில்லயும் கிடந்தது. அரை இஞ்ச் திருகாணி தேடினா முக்கால் இஞ்ச் கிடைக்கும். முக்கால் இஞ்ச் தேடினா கீல் கிடைக்கும். இதுக்கெல்லாம் இடம் பிரிச்சு வைக்க மரத்துல ஒரு டிராயர் அடுக்கு செஞ்சுடலாம்னு யூடியூபைத் திறந்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு கராஜ்ல நின்னுக்கிட்டு ஒருத்தர் பன்னிரண்டு டிராயர் செய்றார். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டுகூட நுழையாது. அவ்வளவு கச்சிதம். நானும் அப்படியே செஞ்சேன். இன்ஸ்டாகிராம்ல போட்டேன். நண்பர்கள் நெருப்பு எமோஜி போட்டாங்க.

ஜூன்ல சாரல் விழுந்துச்சு. மூணே நாள்ல பன்னிரண்டு டிராயரும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிடுச்சு. உளி, இழைப்புளி எல்லாம் உள்ளே.

ஒரு டிராயரை மட்டும் ஒருவழியா பெயர்த்து எடுத்து, துணிப்பையில போட்டுக்கிட்டு பிரானூர் பார்டருக்குப் போனேன். அங்க ஒரு மர அறுவை மில் வாசல்ல வேலை பாத்துக்கிட்டிருந்த வயசான ஆசாரி ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் டிராயரைத் திருப்பிக்கூடப் பாக்கல.

“தம்பி, இது எந்த மாசம் செஞ்சது?”

“ஏப்ரல், அண்ணாச்சி.”

“ஏப்ரல்ல செஞ்சா ஜூனுக்கு எடம் விட்டுல்லா செய்யணும்?”

இந்த ஒரு கேள்விதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல, ஏன் ஜூன்? மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் மாதிரி நிக்குதுன்னு நமக்குத் தெரியும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் அந்தச் சுவர்ல ஒரு இடைவெளி இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அது வழியா இந்தப் பக்கம் நுழையுது. அதனாலதான் தமிழ்நாடு முழுக்க வெயில்ல காயுற ஜூன், ஜூலையில குற்றாலத்துல அருவி விழுது. தென்காசியில துணி காய மாட்டேங்குது. கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பஸ்ல போனா திருநெல்வேலி. அங்க அந்த மாசத்துல அனல். நம்ம ஊர் மட்டும் பாதி மலையாளத்து வானிலை.

மரம் இந்த ஈரத்தைக் காற்றுல இருந்து குடிக்கும். ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட மாற்றமே இருக்காது. அகலவாக்கில்தான் வீங்கும். நாலு அங்குல அகலப் பலகை நம்ம ஊர் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவுல ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துடலாம். டிராயரோட பக்கப் பலகையில நார் படுத்தவாக்கில் ஓடுது, இல்லையா? அப்போ டிராயர் உயரத்துலதான் வளருது. அதனால ஆசாரி சொன்னது: “மேல விடு. பக்கத்துல விடாத. பக்கத்துல விட்டா டிராயர் கோணிக்கிட்டு ஆடும்.” அந்த அமெரிக்கக்காரரோட வீடியோவில இது இல்ல. அவர் தப்பு சொல்லல. அவரோட கராஜ் ஆரியங்காவுக் கணவாய்க்கு எதிர்ல இல்ல, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஆச்சியோட அஞ்சறைப்பெட்டி எழுபது வருஷமா இதே வீட்டுலதான் இருக்கு. ஒரு சாரல்லயும் அது இறுகி நான் பாத்ததில்ல. ஏன்?

அஞ்சறைப்பெட்டி தெரியும்தானே? இப்போ நாம வாங்குறது வட்டமான எவர்சில்வர் டப்பா. பழசு மரம். ஐந்து அறை இருக்கிறதால அஞ்சறைப்பெட்டி. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள். ஆச்சியோடதுல ஆறு அறை இருக்கு. ஆனா பேர் மாறல. ஒரு அறைக்கு மட்டும் தனி மூடி. அதுல காசு வச்சிருப்பாங்க. மேலே முழுசுக்கும் ஒரு இழுப்பு மூடி, காடியில ஓடும். ஒரு பொருளைப் பத்துத் தடவை எடுக்கணும்னா அது கைக்கு நேரா இருக்கணும், கலக்கக்கூடாது, ஒரே அசைவுல எல்லாம் திறக்கணும். யோசிச்சுப் பாத்தா நான் திருகாணிக்குத் தேடினது இதைத்தான். நம்ம சமையலறையில நூறு வருஷமா இருந்த ஆர்கனைசரை விட்டுட்டு யூடியூப்ல தேடியிருக்கேன்.

பெட்டியைக் கவுத்து வச்சுப் பாத்தேன். இழுப்பு மூடிக்கும் காடிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு நெல்மணி போற அளவு இடைவெளி. அடிப்பலகையை சுத்தி ஆணி அடிக்கல. நடுவுல வரிசையா மட்டும் அடிச்சிருக்காங்க. அப்போ பலகை ரெண்டு பக்கமும் வீங்கலாம், சுருங்கலாம், வெடிக்காது. அதைச் செஞ்சவர் பேர் யாருக்கும் தெரியாது. ஆனா அவருக்கு ஜூன் மாசம் தெரிஞ்சிருக்கு.

மறுபடியும் பிரானூர். இந்தத் தடவை பெட்டியோட. ஆசாரி அடிப்பக்கத்துல உளியால ஒரு சின்னச் சீவல் எடுத்து முகந்து பாத்தார். நாலு பக்கமும் தேக்கு. உள் தடுப்பு பலா, மஞ்சள் நிறம் இன்னும் தெரியுது. மூடி வேற ஏதோ மரம். “நெலை செஞ்ச மிச்சம்”னு சொன்னார். ஒரு வீட்டுக்கு வாசல் நிலை, கதவு செஞ்ச பிறகு மிஞ்சின துண்டுகள். எதுக்கும் பத்தாத நீளம். அதுல செஞ்ச பெட்டி.

இந்த இடத்துல இருந்துதான் கதை என் கையை விட்டுப் போச்சு. ஏன்னா நான் அடுத்துக் கேட்டது, “இந்தத் தேக்கு எங்க இருந்து வந்திருக்கும்?” அவர் மேற்கே கையைக் காட்டினார். மலையை.

இப்போ ‘பிரானூர் பார்டர்’ன்ற பேரைக் கவனிங்க. குற்றாலம் போற எல்லாரும் அங்க நின்னு பரோட்டா சாப்பிட்டிருப்பீங்க. பார்டர் கடை, பார்டர் பரோட்டான்னு சென்னையில வரைக்கும் போர்டு இருக்கு. ஆனா இன்னைக்கு அங்க எந்த பார்டரும் கிடையாது. கேரள எல்லை புளியரை தாண்டித்தான். அப்போ ஏன் அந்தப் பேர்? செங்கோட்டை ஒரு காலத்துல திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி. ரெண்டுக்கும் நடுவுல எல்லை பிரானூர். 1956 நவம்பர் 1-ல மொழிவாரி மாநிலங்கள் பிரிஞ்சப்போ செங்கோட்டை அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு, தென்மலை, அச்சன்கோவில் காடுகள் கேரளத்துல நின்னுடுச்சு. எல்லைக்கோடு மலை மேல ஏறிப் போயிடுச்சு. பேரும் பரோட்டாவும் மர அறுவை மில்லும் கீழேயே தங்கிடுச்சு.

ஆச்சி பிறந்தது புளியரை. 1953-ல கல்யாணமாகி தென்காசிக்கு வந்தாங்க. தூரம் பத்து மைல்கூட இருக்காது. ஆனா கணக்குப்படி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த பெண். அந்தப் பெட்டி சீரோட வந்தது. அதாவது அதுவும் ஒரு மாநில எல்லையைத் தாண்டியிருக்கு.

சரி, அந்தத் தேக்கு. இங்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

1800-ஐ ஒட்டி பிரிட்டனுக்கு ஒரு பெரிய கவலை. நெப்போலியனோட சண்டை. கப்பல் கட்ட ஓக் மரம் தட்டுப்பாடு. மலபார்த் தேக்கு மேல கண்ணு விழுந்தது. தேக்குல இயற்கையாவே எண்ணெய்ப்பசை உண்டு. உப்புத் தண்ணியைத் தாங்கும். அடிச்ச இரும்பு ஆணியை அரிக்காது. 1806-ல கேப்டன் வாட்சன்ங்கிற போலீஸ் அதிகாரியைக் கம்பெனி ‘காடுகளின் பாதுகாவலர்’ ஆக நியமிச்சது. பேர்தான் பாதுகாவலர். அவர் செஞ்ச வேலை, மலபார்லயும் திருவிதாங்கூர்லயும் தேக்கு முழுக்கக் கம்பெனிக்கேன்னு ஏகபோகம் போட்டது. உங்க நிலத்துல நிக்கிற மரத்தை நீங்க வெட்ட முடியாது. நிலச்சுவான்தார்கள், வியாபாரிகள், குடியானவர்கள் எல்லாரும் கொதிச்சுப் போனாங்க. கடைசியில 1823-ல, அப்போ சென்னை கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ காலத்துல அந்த ஏகபோகம் ஒழிஞ்சது.

அந்தக் காலத்துத் தேக்கு இன்னும் தண்ணியில மிதக்குது, தெரியுமா? எச்.எம்.எஸ். திரிங்கோமலி. 1817-ல பம்பாய்த் துறைமுகத்துல வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் மலபார்த் தேக்குல கட்டின போர்க்கப்பல். இப்போ இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ங்கிற ஊர்ல அருங்காட்சியகமா நிக்குது. டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம்.

கம்பெனிக்கு இந்த மலையில வேண்டியிருந்தது மரம் மட்டும் இல்ல. 1796-ல டச்சுக்காரங்ககிட்ட இருந்து மொலுக்காஸ் தீவுகளைப் பிடிச்ச பிறகு, அங்க விளைஞ்ச ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை வேற வேற இடத்துல நட்டுப் பாத்தாங்க. குற்றாலத்துல வாசனைப்பயிர்த் தோட்டம் வந்தது அப்படித்தான். பெட்டிக்கு மரமும் பெட்டிக்குள்ள வைக்கிற சரக்கும், ரெண்டுக்கும் ஒரே மலை மேல கண்ணு.

ஏகபோகம் ஒழிஞ்சாலும் தேக்கு சாதாரண ஜனங்க கைக்கு வந்துடல. திருவிதாங்கூர்ல தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ‘ராஜமரம்’. யாரோட நிலத்துல வளர்ந்தாலும் அரசருக்குச் சொந்தம். அந்த வார்த்தை செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க. 2021-ல வயநாடு முட்டில் மரம்வெட்டு வழக்கு செய்தியில வந்தப்போ ‘ராஜமரம்’ மறுபடி டிவியில ஓடுச்சு.

அப்போ புளியரையில ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணோட சீர்ப்பெட்டியில தேக்கு எப்படி? இதுக்கு என்கிட்ட ஆவணம் இல்ல, ஆசாரியோட உளிச்சீவல்தான் இருக்கு. என் ஊகம் இது: முழு மரம் கப்பலுக்கும் அரண்மனைக்கும் பணக்காரர் வீட்டு நிலைக்கும் போகும். ஒரு அடி, முக்கால் அடி துண்டு பட்டறையிலேயே விழும். அந்தத் துண்டுல கட்டில் செய்ய முடியாது, கதவு செய்ய முடியாது. சின்னச் சின்ன அறையா பிரிச்ச பெட்டி செய்யலாம். அறை பிரிச்சா நீளப் பலகை தேவையில்ல. அஞ்சறைப்பெட்டி ஒழுங்குக்காக மட்டும் பிறக்கல, மரப் பஞ்சத்துலயும் பிறந்திருக்கு.

1840-களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூர்ல தேக்கை நட்டு வளர்க்க ஆரம்பிச்சார். உலகத்துல தேக்கைத் தோட்டமா நட்ட ஆரம்ப முயற்சிகள்ல அது முக்கியமானது. காட்டுல இருக்கிறது தீர்ந்துடும்னு அப்பவே தெரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். 1904-ல கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் கணவாயைத் தாண்டி வந்தது. கழுதுருட்டியில இருக்கிற பதிமூணு கண் பாலத்தை ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க, அந்தப் பாதைதான். மாட்டுவண்டி ஏறின மலையில ரயில் ஏறிச்சு. மேற்குல இருந்து கிழக்கு நோக்கி மரம் இறங்கிக்கிட்டே இருந்தது.

அது நின்னது நம்ம காலத்துல. 1980-ல வனப் பாதுகாப்புச் சட்டம். 1988-ல களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். 1996 டிசம்பர் 12-ல உச்ச நீதிமன்றத்தோட கோதவர்மன் வழக்கு உத்தரவு: அனுமதி இல்லாம காட்டுல மரம் வெட்டக்கூடாது, காட்டுக்குள்ள அனுமதி இல்லாத அறுவை மில் ஓடக்கூடாது. கூடலூர்ப் பக்கம் காடு அழியுதுன்னு வழக்குப் போட்ட கோதவர்மன் திருமுல்பாடு எந்த ஊர்? நிலம்பூர். தேக்கை நட்ட ஊரும், மரம் வெட்டறதை நிறுத்த வச்சவரோட ஊரும் ஒண்ணு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல்.

அப்புறமும் பிரானூர்ல வாள் சத்தம் நிக்கல. ஏன்னா மரம் வேற திசையில இருந்து வர ஆரம்பிச்சது. கிழக்குல இருந்து, கடல்ல இருந்து. தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பல்ல வந்து, லாரியில ஏறி, மலையடிவாரத்துக்கு வருது. முதல்ல பர்மாத் தேக்கு. 2014 ஏப்ரல் 1-ல இருந்து மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செஞ்சது. இப்போ ஈக்வடார், கானா, தான்சானியா, பனாமா. மரவாடியில தடியோட முனையில பெயிண்ட்ல எழுதின எண்களைப் பாத்தேன். மலையைப் பாத்தபடி ஈக்வடார் தேக்கு அடுக்கி வச்சிருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால அந்த மலையில இருந்து இறங்கின மரம், இப்போ உலகத்தைச் சுத்தி அதே மலை அடிவாரத்துக்கு வருது.

இன்னொன்னு: அமெரிக்கக் கண்டத்துத் தேக்கு அந்த ஊர் மரமே கிடையாது. 1913-ல பர்மா விதை டிரினிடாட் போச்சு. 1926-ல இலங்கையில இருந்து பனாமாவுக்குப் போச்சு. அங்க இருந்து பரவினது. நம்ம பக்கத்து மரத்தோட பேரப்பிள்ளைதான் கன்டெய்னர்ல திரும்பி வருது.

இதுக்கு நேர் எதிர்க்கதை ரப்பர். 1876-ல ஹென்றி விக்ஹாம் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்ச கன்றுகள் இலங்கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இருந்து திருவிதாங்கூர்ல ரப்பர்த் தோட்டம். கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூர் போனா ரெண்டு பக்கமும் அதுதான். 25, 30 வருஷத்துல பால் குறைஞ்சதும் மரத்தை வெட்டிட்டு புதுசு நடுவாங்க. அந்த மரம் வெளுப்பா, மலிவா, இழைக்க சுகமா இருக்கும். வெட்டின உடனே போரான் மருந்து ஏத்தலைன்னா வண்டு தின்னுடும், நீலம் பூத்துடும். மருந்து ஏத்தினது நல்ல மரம். இன்னைக்கும் மேற்குல இருந்து இறங்குற மரம் ஒண்ணு உண்டுன்னா, அது இந்த பிரேசில்காரன்.

ஆக, என் ரெண்டாவது டிராயர் அடுக்கு இப்படி முடிஞ்சுது. வெளிக்கூடு 18 மில்லிமீட்டர் பிளைவுட். சிலருக்கு இது பிடிக்காது, எனக்குப் பிடிச்சிருக்கு. குறுக்கும் நெடுக்குமா ஏடு ஏடா ஒட்டினது, அதனால அது அவ்வளவா வீங்காது. டிராயரோட பக்கங்கள் ரப்பர் மரம், 12 மில்லிமீட்டர். முன் முகப்புக்கு ஆசாரி ஒரு சாக்கு நிறைய துண்டுத் தேக்கு கொடுத்தார், எடை போட்டு. யாரோ ஒருத்தர் வீட்டு நிலை செஞ்ச மிச்சம். ஒவ்வொண்ணும் ஒரு நிறம். அடிப்பலகை காடிக்குள்ள சும்மா உக்காந்திருக்கு, பசை போடல. மேலே ரெண்டரை மில்லிமீட்டர் இடைவெளி, பக்கத்துல அரை. மொத்தம் பன்னிரண்டு டிராயர். அதுல ஒண்ணுக்குள்ள தடுப்பு வச்சு ஆறு அறை, ஆச்சி பெட்டி அளவுக்கே. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச்னு திருகாணி. ஆச்சி பாத்துட்டு, “காசு வைக்க மூடி போடலியாடே?”ன்னு கேட்டாங்க. போடணும்.

இதை ரெக்கார்டு பண்றது ஜூலை மாசம். மைக்ல சாரல் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. பதினோரு டிராயர் நல்லாத் திறக்குது. மூணாவது மட்டும் கொஞ்சம் இறுகுது. அதுக்கு நான் இடைவெளி குறைச்சு விட்டிருக்கேன்னு இப்போ தெரியுது. மேல் விளிம்புல ரெண்டு இழைப்பு இழைச்சா சரியாயிடும். இழைப்புளி மூணாவது டிராயர்லதான் இருக்கு.